தோலும் சவ்வும்: நுண்துளைச் சிலிக்கான் மீநுண்சவ்வு ஆய்வின் வரலாறும் ஆம்பூர்த் தோல் பதனிடும் வட்டாரத்தின் நீர்ச்சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

நுண்துளைச் சிலிக்கானிலிருந்து ஆக்கப்படும் மீநுண்சவ்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பிரிப்பு அறிவியலில் தனியிடம் பெற்றுள்ளன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுத் தோல் பதனிடும் வட்டாரம் அதே காலத்தில் எதிர் சவ்வூடு பரவல் என்னும் சவ்வுத் தொழில்நுட்பத்தை நம்பியே தன் தொழிலைத் தொடர்கிறது. இவ்விரு வரலாறுகளையும் இக்கட்டுரை ஒருசேர வைத்து நோக்குகிறது. சவ்வு அறிவியலும் தோல் வேதியியலும் தொடக்கத்தில் ஒரே கருத்துலகைப் பகிர்ந்தவை என்பதும், ஆய்வகச் சோதனைகள் சவ்வைக் கடந்து செல்வதை அளப்பதில் காட்டிய அக்கறையைச் சவ்வின் மறுபக்கத்தில் தங்குவதன்மீது காட்டவில்லை என்பதும், ஆம்பூரின் உப்புச்சிக்கல் அந்த மறுபக்கத்தில்தான் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

குறிச்சொற்கள்: நுண்துளைச் சிலிக்கான், மீநுண்சவ்வு, எதிர் சவ்வூடு பரவல், தோல் பதனிடுதல், ஆம்பூர், பாலாறு, கரைந்த உப்பு.

1. முன்னுரை

ஆம்பூர் 2019 நவம்பர் முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குமுன் வேலூர் மாவட்டத்திலும், அதற்கும் முன் வடஆர்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. மாவட்டப் பெயர்கள் மாறினாலும் ஊரின் பொருளியலுக்கு அடிப்படையாக நின்றவை தோலும் பாலாற்று நிலத்தடி நீருமே. ஒன்றை ஆக்க மற்றொன்று செலவானது. செலவான நீர் உப்பேறித் திரும்பியபோது வேளாண் குடிகளுக்கும் தொழில் குடிகளுக்குமிடையே எழுந்த வழக்கு, இந்தியச் சூழலியல் சட்ட வரலாற்றில் முதன்மையான ஒன்றாயிற்று.

இவ்வட்டாரத்தைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சட்ட நோக்கிலோ, பொருளியல் நோக்கிலோ, நிலத்தடி நீரின் வேதியியல் நோக்கிலோ அமைந்தவை. சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட கருவியாகிய சவ்வின் வரலாறு தனித்து ஆராயப்படுவது அரிது. அக்கருவி எங்கே பிறந்தது, எந்த நீரில் சோதிக்கப்பட்டது, எந்த வினாவுக்கு விடையாக ஆக்கப்பட்டது என்பவற்றை அறியாமல், அது ஆம்பூரில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கூற இயலாது. சவ்வு ஆய்வின் மிக அண்மைய கிளைகளுள் ஒன்றான சிலிக்கான் மீநுண்சவ்வை எடுத்துக்கொண்டு, அதன் ஆக்கமுறையையும் சோதனைமுறையையும் வரலாற்று வரிசையில் விளக்கி, ஆம்பூரின் நீரோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தோல் வேதியியலும் சவ்வுக் கொள்கையும்

சவ்வு அறிவியலின் முதல் சவ்வு ஒரு விலங்கின் உறுப்பு. 1748-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் அந்துவான் நொல்லே, சாராயம் நிரம்பிய கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடிக்கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து மூடியைப் புடைக்கச் செய்தது. சவ்வூடு பரவலின் முதல் பதிவாக இது கருதப்படுகிறது.

1861-இல் தாமஸ் கிரகாம், கரைசல்களில் உள்ள பொருள்களைச் சவ்வின் வழியே எளிதில் கடப்பவை, கடவாதவை என இருவகைப்படுத்தினார். கடவாதவற்றுக்கு அவர் இட்ட பெயர், பசை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையை அறிந்த தச்சருக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். கூழ்மம் என்று நாம் வழங்கும் கருத்தின் வேரில் விலங்குத் தோலின் புரதம் உள்ளது.

இத்தொடர்பு உவமையளவில் நின்றுவிடவில்லை. சவ்வொன்றைக் கடக்க இயலாத மின்னூட்டத் துகள்கள் ஒருபக்கம் இருப்பின், கடக்கவல்ல அயனிகளும் இருபக்கமும் சமமாகப் பரவா என்பதை 1911-இல் எஃப். ஜி. டொனான் நிறுவினார். லீட்ஸ் நகரில் தோல் தொழில் கல்வியை வளர்த்த ஹென்றி ரிச்சர்ட்சன் புராக்டர், ஜான் ஆர்தர் வில்சனுடன் இணைந்து 1916-இல் அதே கொள்கையால் அமிலத்தில் ஊறிய ஜெலட்டின் ஏன் உப்புகிறது என்பதை விளக்கினார். பதனிடும் தொட்டியில் தோல் உப்புவதும், உப்பிட்டால் அவ்வுப்பல் அடங்குவதும் இவ்விளக்கத்துள் அடங்கின. அமிலத்தில் ஊறவைக்குமுன் உப்பு சேர்க்கும் தொழில் வழக்கத்துக்கு அறிவியல் காரணம் கிடைத்தது. தோல் வேதியியலாளருக்கு உப்பு தோலைக் காக்கும் துணைப்பொருள். அந்த உப்பு பின்னர் எங்கே செல்லும் என்பது அக்கோட்பாட்டின் எல்லைக்குள் வரவில்லை.

3. பாலாற்றங்கரை: பட்டைக் குழியிலிருந்து குரோம் உருளைக்கு

1856 ஜூலையில் இராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்குமிடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. பாலாற்றுப் பள்ளத்தாக்கு சென்னைத் துறைமுகத்தோடு இணைந்தது. சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கி, ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்னும் வணிகப் பெயரோடு ஐரோப்பியச் சந்தைக்குச் சென்றது. ஆவாரம்பட்டைப் பதனிடலின் கழிவும் நாற்றமுடையது, உப்புடையது. எனினும் குரோமியம் அதில் இல்லை.

குரோம் உப்பால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சோதனைகள் அம்முறையைத் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்தன. வாரக்கணக்கில் ஆன பட்டைப் பதனிடலை நாள்கணக்கில் முடிக்க இம்முறை உதவியது. விடுதலைக்குப் பின் 1948 ஏப்ரலில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1970-களில் இந்திய அரசு பதனிடாத தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக ஆக்கிய தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. அந்நியச் செலாவணி பெருக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட இம்முடிவு, வேதிப்பொருள் மிகுந்த குரோம் பதனிடலும் சாயமேற்றலும் ஆம்பூர் வட்டாரத்திலேயே பெருக வழிவகுத்தது.

தோல் ஆலைக்கு வரும்போதே உப்போடு வருகிறது. அறுத்த விலங்கின் தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அல்லது அதற்கும் மேல் உப்பிடுவது வழக்கம். ஊறவைக்கும் முதல் தொட்டியிலேயே அவ்வுப்பின் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடும். அதன்பின் சுண்ணாம்பும் சல்பைடும், அமிலமும் உப்பும், குரோமிய உப்பும் முறையே சேர்கின்றன. உயிரியல் சுத்திகரிப்பில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும். குரோமியத்தைக் காரம் சேர்த்துப் படியவைத்து மீட்கலாம். சமையல் உப்பை எந்த நுண்ணுயிரும் உண்ணாது. எளிய வேதிப்பொருள் எதனாலும் அது படியாது. ஆதலால் உப்பை நீக்க எஞ்சிய வழிகள் இரண்டு: வெப்பத்தால் நீரை ஆவியாக்குதல், சவ்வால் நீரைப் பிரித்தல்.

4. நுண்துளைச் சிலிக்கான்: ஆக்க வரலாறு

1956-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர், ஜெர்மானியம், சிலிக்கான் ஆகிய குறைகடத்திகளை மின்வேதி முறையில் வழுவழுப்பாக்க முயன்றார். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் சிலிக்கானை நேர்மின்வாயாக வைத்துக் குறைந்த மின்னோட்டம் செலுத்தியபோது, வழுவழுப்புக்கு மாறாக மேற்பரப்பில் நிறமுடைய படலம் ஒன்று தோன்றியது. அது துளைகள் நிறைந்த சிலிக்கான் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1990-இல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் லீ கேன்ஹம், இப்படலம் அறை வெப்பநிலையில் புற ஊதா ஒளிபட்டுச் சிவந்து ஒளிர்வதை அறிவித்தபின்னரே உலக ஆய்வகங்கள் பலவும் அதன்பால் திரும்பின.

ஆக்கமுறை பார்வைக்கு எளியது. சிலிக்கான் வில்லை ஒன்று, அமிலத்தைத் தாங்கும் டெஃப்லான் கலத்தின் அடியில் பொருத்தப்படும். எதிரே பிளாட்டினக் கம்பி எதிர்மின்வாயாக நிற்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தோடு எத்தனால் கலக்கப்படும். வினையில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் மேற்பரப்பில் ஒட்டாமல் நீங்க எத்தனால் உதவும். மின்னோட்டம் பாய்கையில், நேர்மின் துளைகள் மேற்பரப்பை எட்டுமிடங்களில் சிலிக்கான் கரைகிறது. துளையின் அடிப்பகுதியில் கரைதல் தொடர்ந்து, சுவர்கள் நிற்கின்றன. மின்னோட்ட அடர்த்தி, அமிலச் செறிவு, வில்லையில் கலந்துள்ள மாசணுவின் அளவு, நேரம் ஆகிய நான்கும் துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் தீர்மானிக்கின்றன. இறுதியில் மின்னோட்டத்தைத் திடீரென உயர்த்தினால் அடிப்பகுதி முற்றிலும் கரைந்து, துளைப்படலம் தனித்த சவ்வாகக் கழன்று வரும்.

2007 பிப்ரவரியில் நேச்சர் ஆய்விதழில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரீமர், கபோர்ஸ்கி, மெக்ராத், ஃபோஷே ஆகியோர் வேறொரு வழியை வெளியிட்டனர். சிலிக்கான் வில்லையின்மீது இரு ஆக்சைடு அடுக்குகளுக்கிடையே படிகமற்ற சிலிக்கான் அடுக்கு ஒன்று படியவைக்கப்பட்டது. அதனை மிக விரைவாகச் சூடேற்றியபோது படிகங்கள் முளைத்தன. அவற்றோடு துளைகளும் தாமே உருவாயின. வில்லையின் பின்புறம் குறிப்பிட்ட இடங்களில் அரித்தெடுக்கப்பட்டபின் சவ்வு சிறு சாளரங்களில் தொங்கி நின்றது. சவ்வின் தடிமன் ஏறத்தாழ 15 நானோமீட்டர். துளைகளின் விட்டம் 5 முதல் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆட்டுத்தோலோடு ஒப்பிட்டால், அத்தோலின் தடிமனில் இச்சவ்வுகளை 65,000-க்கும் மேல் அடுக்கலாம். இத்துணை மெல்லிய படலம் ஒரு வளிமண்டல அழுத்தத்தை உடையாமல் தாங்கியது வியப்புக்குரியதாகக் கருதப்பட்டது.

மென்மையின் பயன் யாது? துளை வழியே நீர் செல்லும் அளவு, துளை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் துளையின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைவது பாய்ம இயற்பியலின் அடிப்படை விதி. துளையைப் பெரிதாக்காமல் நீரோட்டத்தைப் பெருக்க வேண்டுமாயின் சவ்வை மெலிதாக்குவதே வழி. துளையின் நீளமும் விட்டமும் ஏறத்தாழச் சமமாகும்போது துளைவாயில் நுழையும் தடையே முதன்மை பெறுகிறது. மேலும் மெலிதாக்குவதால் வரும் பயன் குறைகிறது. எல்லையை எட்டிய சவ்வு என்று இதனைக் கூறலாம்.

5. ஆய்வகச் சோதனை எதனை அளக்கிறது?

துளைமையை அளக்க மூன்று எடைகள் போதும்: அரிக்குமுன் வில்லையின் எடை, அரித்தபின் எடை, துளைப்படலத்தைக் காரத்தில் கரைத்து நீக்கியபின் எடை. முதல் இரண்டின் வேறுபாட்டை முதலுக்கும் மூன்றாவதுக்குமுள்ள வேறுபாட்டால் வகுத்தால் துளைமை கிடைக்கும். மின்னணு நுண்ணோக்கி துளையின் வடிவைக் காட்டும். நைட்ரஜன் வளிமத்தை மிகக் குளிர்ந்த நிலையில் படியச்செய்து உட்பரப்பை அளப்பர். பின்னர்ச் சவ்வின் வினைத்திறன் சோதிக்கப்படும். தூய நீர் எவ்வளவு கடக்கிறது, பொன் நுண்துகள்களில் எவ்வளவு பெரியவை தடுக்கப்படுகின்றன, புரதங்களில் எது கடக்கிறது, எது நிற்கிறது என்பன அளக்கப்படுகின்றன. 2007 ஆய்வில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள மூலக்கூறுகளும் மின்னூட்ட வேறுபாட்டால் பிரிந்தன.

இங்கே டொனானும் புராக்டரும் மீண்டும் வருகின்றனர். துளைச்சுவரின் மின்னூட்டம், நீர்க்கரைசலில் ஒரு குறிப்பிட்ட தொலைவு வரையே செல்வாக்குச் செலுத்தும். அத்தொலைவை டிபை நீளம் என்பர். உப்பு மிகுந்தால் அந்நீளம் சுருங்கும். லிட்டருக்கு 10 கிராம் சமையல் உப்புள்ள நீரில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 0.74 நானோமீட்டர். 5 நானோமீட்டர் விட்டமுள்ள துளையிலும் அச்செல்வாக்கு சுவரோரத்தில் ஒடுங்கிவிடும்; துளையின் நடுவே உப்பு தடையின்றிச் செல்லும். நீரேறிய சோடியம் அயனியின் விட்டம் ஏறத்தாழ 0.7 நானோமீட்டரே. ஆகவே அளவாலும் மின்னூட்டத்தாலும் இச்சவ்வு ஆம்பூரின் உப்பைத் தடுக்காது.

இச்சவ்வு குறைபாடுடையது என்பது இதன் பொருளன்று. அது விடையளிக்க முற்பட்ட வினா வேறு. புரதங்களைப் பிரித்தல், குருதி ஊடுபிரிப்பு, செல் வளர்ப்பு ஆகியவற்றுக்காக எழுந்த ஆய்வு அது. அதன் சோதனை நீர், தூய நீரும் உயிரியல் தாங்கற் கரைசலும். மேலும், சிலிக்கான் காரத்தில் கரையும். துளைமையை அளக்கும்போது படலத்தை நீக்கப் பயன்படும் அதே காரத்தன்மை, சுண்ணாம்பு ஊறல் தொட்டியின் கழிவுநீரில் இயல்பாகவே உள்ளது. ஆய்வகத்தில் அளவிடும் முறையின் ஒரு படியாக அமைவது, தோல் ஆலையில் சவ்வின் அழிவாக அமையும். ஆக்சைடு, கார்பைடு முதலிய பூச்சுகளால் இதனைத் தடுக்கும் முயற்சிகள் உள. ஆயினும் எந்த நீரில் சோதிப்பது என்னும் தேர்வு, எந்தச் சவ்வு நல்ல சவ்வு என்னும் தீர்ப்பையே மாற்றிவிடும் என்பது இதனால் புலனாகும்.

6. எதிர் சவ்வூடு பரவலும் நீதிமன்றமும்

உப்பைத் தடுத்த சவ்வு வேறொரு மரபில் வந்தது. 1950-களின் இறுதியில் புளோரிடாவில் ரீட், பிரெட்டன் ஆகியோர் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுப்பதைக் காட்டினர். எனினும் கடந்த நீர் மிகச் சொற்பம். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் ஒருபுறம் அடர்ந்தும் மறுபுறம் துளைமிகுந்தும் அமைந்த சமச்சீரற்ற சவ்வை ஆக்கி அத்தடையை நீக்கினர். அடர்ந்த மெல்லிய மேலடுக்குக்கு அத்துறையினர் இட்ட பெயர் ‘தோல்’ என்பதே. உப்பைத் தடுப்பது அத்தோல். எஞ்சியது தாங்கும் உடல். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரில் உவர்நீரைக் குடிநீராக்கும் முதல் எதிர் சவ்வூடு பரவல் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1970-களில் ஜான் கடோட் உருவாக்கிய பாலியமைடு மெல்லடுக்குச் சவ்வு இன்று உலகெங்கும் நிலைபெற்றுள்ளது.

இச்சவ்வு ஆம்பூருக்கு வந்தது அறிவியல் ஆர்வத்தால் அன்று; நீதிமன்ற ஆணையால். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலை ஆக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதும், குரோம் பதனிடலில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டவாறு ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப்போனதும் அத்தீர்ப்பில் பதிவாயின. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துவோரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியென அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு தோல் ஆலையும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்த ஆணையிடப்பட்டது.

கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்னும் வரம்பு அத்தீர்ப்பின் வழியே உறுதிபெற்றது. இவ்வொரு எண்ணே சவ்வை ஆம்பூருக்கு அழைத்து வந்தது எனலாம். உயிரியல் சுத்திகரிப்பு நிலையங்களால் அவ்வரம்பை எட்ட இயலவில்லை. துத்திப்பட்டு உள்ளிட்ட இடங்களில் இயங்கிய பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோடு எதிர் சவ்வூடு பரவல் அமைப்பும், அதன் செறிவுநீரை ஆவியாக்கும் கலன்களும் காலப்போக்கில் சேர்க்கப்பட்டன. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறை என்பது கொள்கையாயிற்று.

அக்கொள்கையின் கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 8.5 பார். அந்நீரில் 80 விழுக்காட்டைச் சவ்வின் வழியே மீட்டால், எஞ்சும் 20 விழுக்காட்டில் உப்பு ஐந்து மடங்கு செறிந்து லிட்டருக்கு 50 கிராமாகும். அழுத்தம் 42 பாரை எட்டும். மேலும் மீட்க முயன்றால் ஆற்றற்செலவு விரைந்து ஏறும். ஆவிக்கலனில் முழுதும் வற்றவைத்தாலும், 100 கன மீட்டர் கழிவுநீருக்கு ஒரு டன் உப்பு தரையில் நிற்கும். அது சமையல் உப்பன்று. சல்பேட்டும் சுண்ணமும் கரிமப்பொருளும் கலந்த கலப்புப்பு. விலைக்கு வாங்குவோர் அரியர். மழை படாமல் காத்துவைக்க வேண்டிய பொருளாக அது ஆண்டுதோறும் சேர்கிறது.

தங்கியதன் ஆபத்து கருத்தளவிலானதன்று. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் உயிரிழந்தனர். நீரிலிருந்து பிரிக்கப்பட்டது உலகிலிருந்து நீங்கிவிடுவதில்லை. அது சேர்த்துவைக்கப்படும் இடத்துக்கருகே வாழ்வோர் அதன் சுமையை ஏற்கின்றனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதனை மாசுபடுத்தியோரிடமிருந்து பெறவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

7. ஆம்பூரின் நீரில் மீநுண்சவ்வு

சிலிக்கான் மீநுண்சவ்வை ஆம்பூரின் பெருநீருக்குத் தீர்வாக முன்வைத்தல் பொருந்தாது. உப்பைத் தடுக்காமை ஒரு காரணம், பரப்பு மற்றொன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் எட்டங்குல எதிர் சவ்வூடு பரவல் உருளை ஒன்றில் ஏறத்தாழ 37 சதுர மீட்டர் சவ்வு சுருட்டி வைக்கப்பட்டுள்ளது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வில்லையின் முழுப்பரப்பும் சவ்வாகிவிட்டது என்று கொண்டாலும், ஓர் உருளைக்கு ஈடாக 500-க்கும் மேற்பட்ட வில்லைகள் வேண்டும். ஆக்கத்திலும் செலவு உண்டு. ஹைட்ரோபுளோரிக் அமிலம் மனிதத் தோலை ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைக்கும் கொடிய நஞ்சு. ஆய்வகக் கழிவில் உள்ள புளோரைடைச் சுண்ணாம்பிட்டே படியவைக்கின்றனர். நீரைத் தூய்மையாக்கும் சவ்வை ஆக்குதலும் தன் பங்குக்குக் கழிவுநீரை உண்டாக்குகிறது.

எனினும் இரு பயன்கள் கருதத்தக்கவை. முதலாவது, அளவீடு. நுண்துளைச் சிலிக்கானின் துளைகளில் பிறபொருள் புகும்போது அதன் ஒளிப்பிரதிபலிப்பு மாறுகிறது. இப்பண்பு உணர்விகளாகப் பல ஆய்வகங்களில் பயன்படுகிறது. கிணற்று நீரில் சாயமோ புரதமோ உலோகமோ உள்ளதா என்பதைக் களத்திலேயே அறிய உதவும் சிறு கருவிக்குப் பெரும்பரப்பு தேவையில்லை. சிறு சாளரமே போதும். 1990-களில் திண்டுக்கல் வட்டாரத்தின் 13 ஊர்களில் ஒரு தன்னார்வ அமைப்பு 467 கிணறுகளை ஆய்ந்து, அவற்றுள் 350 மாசுற்றவை எனக் கண்டது. அக்கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. வழக்கின் வலிமை அளவீட்டில் இருந்தது. அளவீடு ஊராரின் கைக்கு எட்டுவது அறிவியல் செய்யக்கூடிய சிறுபணி அன்று.

இரண்டாவது, முன்பிரிப்பு. எதிர் சவ்வூடு பரவல் சவ்வின் ஆயுளைக் குறைப்பது அதன்மேல் படியும் புரதமும் கொழுப்பும் நுண்ணுயிர்ப் படலமும். எந்த மூலக்கூறு எந்தத் துளையை எவ்வாறு அடைக்கிறது என்பதை, துளை விட்டமும் தடிமனும் துல்லியமாக அறியப்பட்ட சிலிக்கான் சவ்வில் ஆராய்வது எளிது. அங்குப் பெறும் அறிவைப் பெருஞ்சவ்வுகளின் பராமரிப்புக்குப் பயன்படுத்தலாம். இவ்வாறு சிலிக்கான் சவ்வு ஆம்பூருக்கு ஒரு சல்லடையாக அன்றி, ஓர் அளவுகோலாகப் பயன்படக்கூடும்.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. சோதனை நீர் மாற வேண்டும். தூய நீரோடும் ஒற்றைப் புரதக் கரைசலோடும் நில்லாமல், ஊறல் நீர், சுண்ணாம்பு நீர், குரோம் நீர், உயிரியல் சுத்திகரிப்பைக் கடந்த நீர் என ஒவ்வொரு நிலையின் நீரிலும் சவ்வைச் சோதித்து, கடந்தது எவ்வளவு என்பதோடு தங்கியது யாது, அதன் எடை எவ்வளவு, அதை என் செய்வது என்பவற்றையும் ஆய்வேடு பதிவு செய்தல் வேண்டும். உப்பின் வரவைத் தொடக்கத்திலேயே குறைக்கும் முயற்சிகளையும் இதே கணக்கில் சேர்த்து மதிப்பிட வேண்டும். உப்பிடாமல் குளிரூட்டிக் காத்தல், உதிர் உப்பைத் தட்டி நீக்கியபின் ஊறவைத்தல், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நீரில்லாக் குரோம் பதனிடல் ஆகியன அத்தகையவை. நீரில் சேராத ஒரு கிலோ உப்பைப் பிரிக்கச் சவ்வு தேவையில்லை.

8. முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவை பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன. சவ்வு அறிவியலும் தோல் வேதியியலும் விலங்குச் சவ்வு, கூழ்மம், டொனான் சமநிலை ஆகிய பொதுவான கருத்துகளிலிருந்து வளர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டில் அவை பிரிந்தன. ஒன்று நீர் கடப்பதையும், மற்றொன்று தோல் ஆவதையும் தன் வெற்றியாகக் கொண்டது. இரண்டிலும் எஞ்சியது கணக்கின் புறத்தே நின்றது. நீதிமன்றம் 1996-இல் எஞ்சியதைக் கணக்குக்குள் கொணர்ந்தது. ஆயினும் நீரில் உள்ள உப்பின் அளவுக்கே வரம்பு வகுத்ததால், உப்பு நீரிலிருந்து நிலத்தின்மேல் குவியலாக இடம் மாறியது. சிலிக்கான் மீநுண்சவ்வு இவ்வரலாற்றில் மிகத் துல்லியமான பிரிப்புக் கருவி. ஆனால் ஆம்பூரின் உப்பு அதன் துளையைவிடச் சிறியது.

பிரித்தல் வேறு, நீக்கல் வேறு. சவ்வு முன்னதைச் செய்யும், பின்னதைச் செய்யாது. ஒரு சவ்வின் தரத்தை மதிப்பிடும் ஆய்வேடுகளில் கடந்த நீரின் அளவுக்கு ஒரு நிரல் ஒதுக்கப்படுவதுபோல், தங்கிய பொருளின் முடிவிடத்துக்கும் ஒரு நிரல் ஒதுக்கப்படுமாயின், பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருக்கும் உழவரின் வினாவும் ஆய்வகத்தின் வினாவும் ஒன்றாகும். அந்நிரலை நிரப்பும் பணியைத் தமிழகப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் தம் அருகிலுள்ள நீரிலிருந்தே தொடங்க இயலும்.